மீண்டும் வாசித்தல்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இவ்விழாவிலே ஏதேனும் ஒரு விடயம்பற்றிப் பேசுதல் வேண்டும் எனச் செயலாளர் எம்மைக் கேட்டபொழுது, விஞ்ஞானப் புனைகதைகளைப் பற்றிப் பேசலாமா என்று வினவினோம். அருகில் நின்ற பெரியவர் ஒருவர், "பல்கலைக்கழகம் போன பிறகும் கதைப்புத்தகமோ, தம்பி? அதுவும் வாசிச்ச கதையையே திரும்பவும் வாசிக்கிறதோ? உங்களுக்கு நேரம் கிடக்குது!" என்று சிரித்தார். அவர் இன்று இச்சபையிலே வீற்றிருக்கின்றார். அவருடைய வார்த்தைகளிலே இரண்டு கேள்விகள் அடங்கியிருந்தன. வாசித்த கதையை மீண்டும் வாசிப்பது ஏன்? அதற்கு நேரம் எங்கிருந்து வருகின்றது? இவ்விரண்டிற்கும் எம்மாலியன்ற விடையைக் கூறுவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

நாம் கற்றது ஒரு மிஷன் பாடசாலையிலே. அங்கே வாரத்தில் ஒரு பாடவேளை நூலகத்திற்கென ஒதுக்கப்பட்டிருந்தது. ஒன்பதாம் வகுப்பிலே படிக்கும்போது, மூலையிலிருந்த அலுமாரியின் அடித்தட்டில், அட்டை கிழிந்த ஆங்கில நூல்கள் சிலவற்றைக் கண்டெடுத்தோம். எச். ஜி. வெல்ஸ் 1895ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கால யந்திரம்', ஆர்தர் சி. கிளார்க் 1973இல் வெளியிட்ட 'ராமாவுடன் ஒரு சந்திப்பு', அவரே 1979இல் வெளியிட்ட 'சொர்க்கத்தின் நீரூற்றுக்கள்' ஆகிய மூன்றும் அவற்றுள் அடங்கும். அகராதியை அருகில் வைத்துக்கொண்டு, பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் அவற்றை விழுங்கினோம். பொறியியல் கற்கவேண்டும் என்னும் ஆசை எமக்கு அந்த அலுமாரியடியிலேதான் பிறந்தது.

அதன்பின் உயர்தரப் பரீட்சை வந்தது, தனியார் வகுப்புக்கள் வந்தன, பல்கலைக்கழகம் வந்தது. நான்கு ஆண்டுகளாக ஒரு நாவலையேனும் முழுமையாக வாசித்தோமல்லோம். யாரேனும் கேட்டால் "நேரமில்லை" என்று கூறுவோம். அதனை நாமும் உண்மையென்றே நம்பியிருந்தோம்.

சென்ற மார்கழி விடுமுறைக்கு வீடு வந்தபொழுது நிகழ்ந்ததை இங்கே சொல்லவேண்டும். எமது அம்மப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். நீரிழிவினாலே அவருடைய பார்வை இரண்டு ஆண்டுகளாக மங்கிக்கொண்டே வந்து, இப்பொழுது பெரிய எழுத்தையும் வாசிக்க இயலாத நிலை. "மோனை, எனக்குக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டன்" என்று அவர் ஒவ்வொரு விடுமுறையிலும் கேட்பதுண்டு. "நேரமில்லை அம்மப்பா, பிறகு பாப்பம்" என்று நாமும் ஒவ்வொரு விடுமுறையிலும் கூறுவதுண்டு. அன்றும் அவ்வாறே கூறினோம். அன்றிரவு படுக்கைக்குப் போகும்போது எமது கைத்தொலைபேசி அன்றைய கணக்கைத் தானாகவே காட்டிற்று. அதனைப் பார்த்துக்கொண்டு நாம் கழித்த நேரம் மூன்று மணித்தியாலமும் நாற்பது நிமிடமும். அதிலே எதனைப் பார்த்தோம் என்று எண்ணிப் பார்த்தோம். ஒன்றேனும் நினைவுக்கு வரவில்லை. நேரமில்லை என்று இரண்டு ஆண்டுகளாக அந்த முதியவருக்கு நாம் சொல்லிவந்தது பொய்யென்பது அப்பொழுதுதான் எமக்குத் தெரிந்தது.

மறுநாள் மாலை, சாமியறையில் விளக்கேற்றிய பின், பழைய பெட்டியிலிருந்து 'கால யந்திர'த்தை எடுத்துக்கொண்டு அவருடைய சாய்மனைக் கதிரையின் அருகில் அமர்ந்தோம். ஆங்கிலத்திலே ஒரு பந்தி வாசிப்பது, பின்னர் அதனைத் தமிழிலே விளக்குவது. அம்மப்பா உடனே உற்சாகமடைந்து, "இது புராணபடனம் மாதிரியல்லோ! அங்கை ஒருத்தர் வாசிக்க மற்றவர் பயன் சொல்லுவார். நீ இரண்டையும் செய்யிறாய்" என்றார்.

அவர் விளையாட்டாகச் சொன்ன அவ்வார்த்தை எமது முதலாவது கேள்விக்கு விடையாயிற்று. எங்கள் கோயில்களிலே கந்தபுராணம் ஆண்டுதோறும் படிக்கப்படுகின்றது. சூரபன்மன் ஈற்றிலே சேவலும் மயிலுமாவான் என்பதை அறியாதவர் அம்மண்டபத்திலே ஒருவருமில்லை. முடிவு தெரிந்திருந்தும் முதியோர் ஆண்டுதோறும் வந்து அமர்கின்றனர். நாம் கற்ற பாடசாலையிலும் காலை ஆராதனையிலே அதே சங்கீதங்கள் ஆண்டுதோறும் வாசிக்கப்பட்டன. சென்ற ஆண்டு காதில் விழாத ஒரு வரி இவ்வாண்டு நெஞ்சில் விழுகின்றது. நூல் மாறவில்லை, கேட்பவர் மாறியிருக்கின்றார். அந்த மாற்றத்தை அளப்பதற்கு முன்பு வாசித்த நூலைப்போல வேறு அளவுகோல் இல்லை.

'கால யந்திர'த்தின் கதையைச் சுருக்கமாகக் கூறுவோம். ஒருவர் தாமே அமைத்த யந்திரத்தில் ஏறி 802,701ஆம் ஆண்டிற்குச் செல்கின்றார். அங்கே மனித குலம் இரண்டாகப் பிரிந்திருக்கின்றது. நிலத்தின்மேல் உழைப்பறியாத அழகிய சிறு மனிதர். நிலத்தின்கீழ் யந்திரங்களோடு வாழும் இருளுயிர்கள். பதினான்கு வயதில் நாம் வாசித்தபொழுது அந்த யந்திரத்தின் பளிங்குத் தண்டையும் தந்தக் கைப்பிடியையும் நெம்புகோலையும் பற்றியே எண்ணிக்கொண்டிருந்தோம். அதன் படத்தைப் பயிற்சிக் கொப்பியிலே பலமுறை கீறியதுமுண்டு.

இம்முறை எம்மை நிறுத்தியது வேறோர் இடம். பிரயாணி பச்சைப் பீங்கானால் ஆகிய ஒரு பெரிய மாளிகைக்குள் நுழைகின்றார். அது முற்காலத்து நூதனசாலை. அங்கே ஒரு கூடத்தில் சுவரோரமாகக் கந்தல்கள் தொங்குகின்றன. உற்றுநோக்கியபின்னரே அவை நூல்களின் எச்சங்கள் என்பது அவருக்குப் புலனாகின்றது. எழுத்து ஒன்றுகூட மிஞ்சவில்லை. தாம் எழுதிய பதினேழு ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் அவர் அங்கே நினைத்துக்கொள்கின்றார். சிறுவயதில் இப்பக்கத்தை நாம் தாவிச் சென்றிருக்கவேண்டும், நினைவில் இருக்கவில்லை.

அதனை வாசித்து விளக்கியபொழுது அம்மப்பா நெடுநேரம் பேசவில்லை. அவர் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் அங்கத்தவராயிருந்தவர். 1981ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்திலே அந்நூலகம் எரியூட்டப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. சில நாட்களின்பின் சென்று பார்த்தவர்களுள் அவரும் ஒருவர். பின்பு மெல்லச் சொன்னார்: "எட்டு லட்சம் வருஷம் போகத் தேவையில்லை, மோனை. ஒரு இரவு காணும்."

எட்டு ஆண்டுகளுக்கு முன் வாசித்த அதே பக்கம், அதே எழுத்துக்கள். ஆனால் அன்று அது எமக்கு ஒரு வெறும் மண்டபம். இன்று அது எமது ஊரிலே நிகழ்ந்த ஒன்று. அக்கதையின் தொடக்கத்தையும் ஈண்டு நினைவூட்ட விரும்புகின்றோம். விருந்தினர் காத்திருந்த அந்த ஒரு நாளுக்குள்ளேயே பிரயாணி எதிர்காலத்தில் எட்டு நாட்கள் வாழ்ந்துவிட்டு வருகின்றார். நாமும் ஒரு மாலையின் அரைமணி நேரத்திலே பல நாட்களை வாழ்ந்தோம் என்றால் அது மிகையன்று.

இரண்டாவது நூலாகிய 'ராமாவுடன் ஒரு சந்திப்பு' 2131ஆம் ஆண்டில் நிகழ்வதாகக் கற்பனை செய்யப்பட்டது. சூரிய மண்டலத்திற்கு வெளியேயிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர் நீளமுள்ள உருளை ஒன்று வருகின்றது. கிரேக்க, உரோமத் தெய்வங்களின் பெயர்களெல்லாம் முன்னரே வேறு வான்பொருட்களுக்குச் சூட்டப்பட்டுத் தீர்ந்துவிட்டமையால், வானியலார் இந்து சமயப் பெயர்களை நாடி அதற்கு 'ராமா' எனப் பெயரிடுகின்றனர். சிறுவராய் இருந்தபொழுது அப்பெயரைக் கண்டு நாம் பெருமைப்பட்டோம். ஆனால் நூலின் முடிவோ எம்மை ஏமாற்றிற்று. மனிதர் அந்த உருளைக்குள் இறங்கி, உட்கடலையும் ஆளில்லா நகரங்களையும் காண்கின்றனர். அதனைச் செய்தவர்களை மட்டும் காணவில்லை. ராமா மனிதரைப் பொருட்படுத்தாமலே சூரியனைச் சுற்றித் தன் வழியே போய்விடுகின்றது. இதென்ன கதை என்று கோபித்து நூலை மூடியது நினைவிருக்கின்றது.

இன்று அந்த முடிவே நூலின் உயிரெனத் தோன்றுகின்றது. உலகம் எமக்காகவே சுழல்கின்றது என்னும் எண்ணம் பதினான்கு வயதிற்கு இயல்பு. பெரிய பரீட்சைகளில் ஒன்றிரண்டிலே தவறியபின் அவ்வெண்ணம் தானே குறைகின்றது. 2017ஆம் ஆண்டில், வேற்று நட்சத்திர மண்டலமொன்றிலிருந்து வந்த பொருளொன்று முதன்முறையாக எமது சூரிய மண்டலத்தினூடே கடந்து செல்வதை ஹவாயிலுள்ள தொலைநோக்கி ஒன்று கண்டது. 'ஔமுவாமுவா' எனப் பெயர்பெற்ற அது எவரையும் கவனியாது போய்விட்டது. அச்செய்தியை அறிந்தபொழுது உலகெங்கும் பலர் கிளார்க்கின் ராமாவை நினைத்தனர்.

அந்நூலிலே இன்னொன்று. புதன் கோளில் குடியேறியோர் அச்சத்தினாலே ராமாவை அழிப்பதற்கு ஒரு குண்டை அனுப்புகின்றனர். அதனைச் செயலிழக்கச் செய்ய முன்வருபவர் ரொட்றிகோ என்னும் உத்தியோகத்தர். அவர் ஆழ்ந்த சமயப் பற்றுள்ளவர். சிறுவயதில் அவருடைய சமயத்தைப்பற்றிய பகுதிகளைப் படித்துச் சிரித்தோம்; விஞ்ஞானக் கதையிலே இவருக்கு என்ன வேலை என்று எண்ணினோம். மீண்டும் வாசித்தபொழுதுதான், அறியாத ஒன்றை அச்சத்தினால் அழித்தல் பாவம் என்று துணிந்து கூறியவர் அவரே என்பதைக் கண்டோம். கம்பிவெட்டியை எடுத்துக்கொண்டு தனியே சென்று குண்டின் இணைப்புக்களை வெட்டியவரும் அவரே. பிற சமயத்துப் பாடசாலையிலே எம் சமயத்தை மறவாது வளர்ந்த எமக்கு, அவர் இப்பொழுது நெருங்கிய உறவினர்போலத் தோன்றுகின்றார்.

மூன்றாவது நூலுக்கு வருவோம். ஆர்தர் சி. கிளார்க் 1956ஆம் ஆண்டிலே இந்நாட்டிற்கு வந்து, 2008ஆம் ஆண்டு கொழும்பில் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தவர் என்பதைப் பெரியோர் அறிவர். சைவ மக்களாகிய நாம் மறக்கக்கூடாத ஒன்றும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டிலே போர்த்துக்கீசரால் இடிக்கப்பட்ட திருக்கோணேச்சரத்தின் கற்களை, சுவாமி மலையடியில் கடலுக்குள் மூழ்கி 1956ஆம் ஆண்டிலே கண்டவர்கள் அவரும் அவருடைய தோழர் மைக் வில்சனும் ஆவர்.

'சொர்க்கத்தின் நீரூற்றுக்கள்' நிகழும் தீவு எமது இலங்கையே. ஆனால் ஆசிரியர் அதனைத் தெற்கே பூமத்திய ரேகைக்கு நகர்த்திவிடுகின்றார். அவ்வாறு நகர்த்தியமைக்குக் காரணமுண்டு. பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் செய்மதி, பூமியோடு ஒரே கதியிற் சுழல்வதால், ஓரிடத்திலே நிற்பதுபோலத் தோன்றும். அங்கிருந்து பூமிவரை ஒரு கயிற்றை இறக்கினால் வானத்திற்கு மின்தூக்கியிலே ஏறிச் செல்லலாம் என்பது 1960ஆம் ஆண்டிலே ரஷ்யப் பொறியியலாளர் ஆட்சுதானொவ் வெளியிட்ட கருத்து. கதையிலே மோர்கன் என்னும் பொறியியலாளர் அத்தகைய கோபுரத்தைக் கட்ட முனைகின்றார். அதற்குத் தகுந்த இடம் ஒன்றே ஒன்று. அது சிவனொளிபாத மலையை நினைவூட்டும் ஒரு புனித மலையின் உச்சி. அங்கே பல நூற்றாண்டுகளாக ஒரு பௌத்த மடம் இருக்கின்றது. பொன்னிற வண்ணத்துப்பூச்சிகள் உச்சியை அடையும் நாளில் துறவிகள் மலையைவிட்டு நீங்கவேண்டும் என்பது பழங்கதை. ஒரு புயல் அவற்றை உச்சிக்குக் கொண்டு சேர்க்கின்றது, துறவிகள் நீங்குகின்றனர்.

பதினான்கு வயதில் நாம் முற்றாக மோர்கனின் பக்கம். துறவிகள் விலகியதும் கைதட்டினோம். பொறியியல் மாணவராய் மீண்டும் வாசித்தபொழுதும் கயிற்றின் வலிமையையே மனத்திற் கணக்கிட்டுக்கொண்டிருந்தோம். அம்மப்பாவோ வேறொன்றைக் கேட்டார்: "அவை என்னத்தை எடுத்துக்கொண்டு இறங்கினவை?"

எமக்கு விடை தெரியவில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியிலே, யாழ்ப்பாணத்து மக்கள் ஓரிரவிலே வீடுகளை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தபொழுது அவரும் நடந்தவர். அலுமாரி நிறைய நூல்கள் இருந்த வீட்டிலிருந்து, ஒரு பையும் ஒரு கந்தபுராணப் பிரதியுமே அவரோடு வந்தன என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கின்றோம். பாலங்களையும் கோபுரங்களையும் கட்டப்போகின்ற நாம் எந்தப் பாடத்திலும் கற்காத கேள்வியை அன்று அந்தச் சாய்மனைக் கதிரையருகே கற்றோம். இனி எந்த வரைபடத்தைக் கண்டாலும், அந்நிலத்திலே யார் இருந்தார், அவர் எதை எடுத்துக்கொண்டு இறங்கினார் என்னும் வினா எம்மைத் தொடரும்.

பெரியோர்களே, இனி இரண்டாவது கேள்வி. நேரம் எங்கிருந்து வந்தது? புதிதாக ஒரு நிமிடமும் கிடைக்கவில்லை. விளக்கேற்றிய பின் அரைமணி நேரம் என்று குறித்தோம். அந்நேரத்தில் கைத்தொலைபேசியை நிறுத்தி அலுமாரியின் மேலே வைத்தோம். முதல் மூன்று நாட்களும் கை தானாக அத்திசையில் நீண்டதை ஒப்புக்கொள்கின்றோம். நான்காம் நாள் அம்மப்பாவே நேரத்தைக் கேட்டு எம்மைக் கூப்பிட்டார். அதன்பின் தவற முடியவில்லை. 'கால யந்திரம்' ஒன்பது மாலைகளில் முடிந்தது. நாளொன்றுக்கு அரைமணி நேரமென்றால் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 182 மணித்தியாலம். அது எத்தனை நூல் என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

இதிலே நாம் கண்ட உண்மை ஒன்றுண்டு. வேலையெல்லாம் முடிந்தபின் வாசிப்போம் என்பவருக்கு வாசிக்கும் நாள் வருவதில்லை, வேலைகள் முடிவதில்லை. கோயிலிலே பூசைக்கு நேரம் குறித்திருப்பதுபோல வாசிப்புக்கும் குறித்திருத்தல் வேண்டும். வாசிப்புப் பழக்கம் விட்டுப்போனவர்கள், கனமான புதிய நூலோடு தொடங்காமல், முன்பு விரும்பிய ஒன்றோடு தொடங்குதல் நன்று. தெரிந்த வீட்டிற்குள் இருட்டிலும் நுழைய இயலுமன்றோ?

ஆகவே சங்கத்தின் முன் ஒரு சிறு விண்ணப்பம். எமது வாசிகசாலையிலே பத்திரிகைகள் மட்டுமே மேசைமேல் இருக்கின்றன. நூல்கள் இருக்கும் அலுமாரி பூட்டிக்கிடக்கின்றது. வாரத்தில் ஒரு மாலையேனும் அதனைத் திறப்போம். ஒவ்வொருவரும் தாம் முன்பு விரும்பிய நூலொன்றைக் கொண்டுவந்து, அன்று கண்டதென்ன, இன்று காண்பதென்ன என்று சொல்லுவோம். இளைஞர்களே, வீட்டிலே பார்வை குறைந்த முதியவர் இருந்தால் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பெரியோர்களே, நாம் "நேரமில்லை" என்று கூறினால் நம்பாதீர்கள், மீண்டும் கேளுங்கள். எமது அம்மப்பா கேட்பதை நிறுத்தியிருந்தால், நாம் இன்று இங்கே பேசுவதற்கு ஒன்றும் இருந்திராது.

மூன்றாம் நூலின் இறுதி அத்தியாயங்கள் இன்னும் வாசிக்கப்படவில்லை. கோபுரத்தின் நடுவே சிலர் சிக்கிக்கொள்ள, நோயுற்ற நெஞ்சோடு மோர்கன் அவர்களை மீட்க மேலே ஏறிச் செல்லும் இடத்திலே எமது விடுமுறை முடிந்தது. புறப்படும் முதல்நாள் இரவு, விடியுமட்டும் இருந்தேனும் முடித்துவிடலாம் என்றோம். அவர் மறுத்துவிட்டார். "முடிவை அடுத்த லீவுக்கு வைச்சிரு, மோனை. அப்பதான் நீ நேரமில்லையெண்டு சொல்லமாட்டாய்" என்றார்.

நேற்றுத்தான் ஊர் வந்து சேர்ந்தோம். இப்பொழுது அவருக்குச் செவியும் சிறிது மந்தம். நாம் முன்னையிலும் உரத்து வாசிக்கவேண்டியிருக்கும். மோர்கனுக்கு என்ன நிகழ்ந்தது என்று அறிய விரும்புவோர் எம்மைத் தனியே கேளுங்கள். இங்கே கூறமாட்டோம், அம்மப்பா முன்வரிசையில் இருக்கின்றார். விளக்கேற்றும் நேரமும் நெருங்கிவிட்டது. எமக்கு வீட்டிலே அரைமணி நேர வேலை இருக்கின்றது.